அரைப் பாகைச் சூடு

வெள்ளவத்தை,
04.08.1996

அன்புள்ள நளீபா,

நீ அனுப்பிய படத்தை உன் வாப்பாவே கொண்டுவந்து தந்தார். குளிரறைக் கண்ணாடிக்குப் பின்னால் கம்பளித் தொப்பியோடு நிற்கிறாய். "எங்கட புள்ள ஐஸ் பெட்டிக்குள்ள பூந்துட்டா, பாருங்கொ மகள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் படியிறங்கிப் போனதும் படத்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில், முகம் கீழே இருக்கும்படி வைத்தேன். இதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் நான். நமசிவாயம் சேர் பல்கலைக்கழகத்திலிருந்து லீட்ஸ் ஆராய்ச்சிக்கு அனுப்பிய பெயர்களில் நான் முதல், நீ இரண்டாவது. ஆரபி வயிற்றில் வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் நானே எழுதி இடத்தை விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் யாரோடும் கோபிக்க வழியில்லை. உன்னோடு மட்டும் கோபிக்கலாம், நீ சிநேகிதி.

இங்கே கரண்ட் வெட்டு. தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்ததற்குப் பிறகு லேனுக்கு லேன் செக்பொயின்ற். இவர் புறக்கோட்டைக் கடையால் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்கு எதிலும் மனம் நில்லாது. ஆரபிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மேல்வீட்டு ஜெகதீஸ்வரி அக்கா வந்து, "பிள்ளைக்குத் தலையிலை ஒரு தொப்பியைப் போடு பிள்ளை, ஊதல் காத்து" என்கிறா. ஓகஸ்ட் மாதத்து வெள்ளவத்தையில் ஊதல் காற்று! உடம்பு சூட்டை எப்படி வெளியே விடுகிறது என்று நான்கு வருடம் படித்தவள், அக்கா போனபின் அந்தத் தொப்பியைக் கழற்றுவதும், இருமினால் மறுபடி போடுவதுமாக இருக்கிறேன்.

நீ அங்கே என்ன அளக்கிறாய்? சுகசேதி வேண்டாம். எண்களோடு சொல்.

அருந்ததி

*

லீட்ஸ், இங்கிலாந்து,
22.08.1996

அருந்ததி,

படத்தைக் கவிழ்த்து வைத்தது நல்லது. அதில் நான் சிரிக்கவில்லை, குளிரில் பல் கிட்டிப்போய் நிற்கிறேன்.

எண்கள் கேட்டாய். பிறந்த குழந்தை நடுங்காது. தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் தன்னைச் சூடாக வைத்திருக்கும். இது உனக்குத் தெரியும், பரீட்சையில் என்னைவிட அழகாக எழுதியவள் நீ. உனக்குத் தெரியாதது இது. குளிர்ந்த பிள்ளையைத் தாயின் மார்பில் கிடத்தினால், பிள்ளையின் கொழுப்பு எரியத் தொடங்கும் முன்பே தாயின் மார்புத் தோலின் சூடு அரைப் பாகை ஏறுகிறது. பிள்ளை சூடானதும் இறங்குகிறது. தாய்க்கே தெரியாது. என் பேராசிரியர் (நான் கிழவர் என்பேன்) சொல்வது, இது தோலும் தோலும் பேசிக்கொள்ளும் கதை, தொட்டால்தான் சூடு ஏறும் என்று. அதை நிறுவுவதுதான் என் ஆராய்ச்சி. லீட்ஸ் தாய்மார் எல்லோரும் கிழவர் சொன்னபடியே ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது அவர் கேட்கிறார், வெக்கை நாட்டில் எப்படி என்று. கொதிக்கும் பிள்ளைக்காகத் தாயின் மார்பு குளிர்ந்து கொடுக்குமா? எனக்குத் தெரிந்த வெக்கை நாட்டுத் தாய் நீதான். ஒரு சிறு பெட்டி அனுப்புகிறேன், நான்கு வயர் வரும். மார்பில் இரண்டு, அக்குளில் ஒன்று, விரல் நுனியில் ஒன்று ஒட்டவேண்டும். வீட்டுக்குள் மட்டும், பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும். பெட்டிக்கு மின் தரும் பட்டறியை மட்டும் கழற்றிவிடாதே, கழற்றினால் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். சேரின் அறையில் உள்ள கொம்பியூட்டரில் செருகி, டிஸ்கில் எடுத்து அனுப்பு.

பொறாமை என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். என் பக்கத்தையும் கேள். சேர் எனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி, "அருந்ததி சுகமா?" உம்மா ஒவ்வொரு போனிலும் மாப்பிள்ளைக் கதை. இந்த ஆய்வுகூடத்தில் எல்லாத் தாய்மாரின் உடம்பும் வேலைக்கு ஆகும், என் உடம்பு மட்டும் எதற்கும் ஆகாது.

நளீபா

*

வெள்ளவத்தை,
15.09.1996

அன்புள்ள நளீபா,

டிஸ்க் இத்துடன். சேர் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

மத்தியான வெக்கையில், ஆரபி கொதிக்கக் கொதிக்க வந்து மார்பில் ஒட்டும்போது, என் தோல் இறங்குகிறது. நெற்றியால் வேர்வை வழிகிறது, மார்பு மட்டும் குளிர்கிறது! இது என் உடம்பில் நடக்கிறது, நான் செய்யவில்லை. பிள்ளைக்குத் தொப்பி போடுவதா கழற்றுவதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தி தடுமாறாமல் வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

இவர் வயரைக் கண்டுவிட்டு, "ஏனப்பா, றேடியோ ஏதும் பிடிக்குமோ?" என்று கேட்டார். "பி.பி.சி. பிடிக்கும், கிட்ட வந்து கேளுங்கோ" என்றேன். கலியாணத்திற்குப் பிறகு நான் பகிடி விட்டது அதுதான் முதல் தடவை என்றார்.

பால் கொடுக்கும் நேரம் மட்டும் அளப்பது போதாது, நளீபா. பிள்ளை தூங்கும்போது, நான் சமைக்கும்போது, வெளியே போகும்போது, இப்படி முழுநாளும் அளந்தால்தான் மார்பு எதற்கு ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது என்று தெரியும். நான் அளக்கட்டுமா? உடனே எழுது.

அருந்ததி

*

லீட்ஸ்,
02.10.1996

அருந்ததி,

டிஸ்க் கிடைத்தது. பதிவு சுத்தம். கிழவர் நெடுநேரம் பார்த்தார். "கொழும்புத் தாய்" என்று ஒரு கோப்புத் திறந்திருக்கிறேன்.

முழுநாள் வேண்டாம். சொன்னபடி வீட்டுக்குள், பால் நேரம் மட்டும் போதும். ஒரு தாயை வைத்துக்கொண்டு ஒன்றும் நிறுவ முடியாது, அது உனக்கும் தெரியும். அதனால் கொட்டாஞ்சேனைத் தாய் சேய் கிளினிக்கில் இருக்கும் நம் றலியாவுக்கு இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அங்கே வரும் தாய்மாரில் பத்துப் பேரை அவள் அளப்பாள். நீ பிள்ளையோடு களைத்துப்போயிருப்பாய், இனி உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன்.

இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. ஆரபிக்கு முத்தம்.

நளீபா

*

வெள்ளவத்தை,
18.10.1996

நளீபாவுக்கு,

றலியா! தவளையைக் கீறும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றவள். அவளுக்காக நான் கீறிக் கொடுத்தேன், நீ படம் கீறிக் கொடுத்தாய். அவளுக்குப் பத்துத் தாய்மார், எனக்கு ஒரு கோப்பு.

களைத்துப்போயிருப்பேன் என்கிறாய். நான் களைத்தேன் என்று எப்போது எழுதினேன்? முழுநாள் அளக்கிறேன் என்று கேட்டேன், அதற்கு வேண்டாம் என்றாய். ஏன் வேண்டாம்? பதிவு நன்றாக வந்துவிடும் என்றா? உன் சுவரில் முதல் கல்லை வைக்க மட்டும் நான், மிச்சம் கட்ட றலியாவா?

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளை நேரில் காண்பேன். அவள் எப்படி ஒட்டுகிறாள் என்று பார்க்கவேண்டும். அன்றைக்கு முழுநாளும் நான் அளந்தும் காட்டுவேன்.

அருந்ததி

*

லீட்ஸ்,
04.11.1996

என் அருந்ததி,

நீ பிடிபட்ட செய்தியை வாப்பா போனில் சொன்னார். கொட்டாஞ்சேனை செக்பொயின்ற்றில் உன் சட்டைக்குள் வயரைக் கண்டுவிட்டார்கள், பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் இறங்கி ஓடியது, மூன்று நாள் பொலிசில் வைத்திருந்தார்கள். "நான் போய் என்ட மகள் எண்டுதான் சொன்னேன், அவனுகள் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு வாப்பா அழுதார். உம்மா மௌத்தானால்கூட அழமாட்டார் என்று நினைத்திருந்த மனிதர்.

சனிக்கிழமை என்றும் பாராமல் கிழவரை வீட்டில் போய் எழுப்பினேன். அவர் எழுதித் தந்ததைத்தான் பொலிசுக்கு ஃபாக்ஸில் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா, அதைப் பார்த்தா விட்டார்கள், அல்லது வாப்பாவின் தயவா, ஒன்றும் தெரியவில்லை. அடித்தார்களா? மறைக்காமல் எழுது. ஆரபி அந்த நாட்களில் என்ன குடித்தாள்? உன் அவர் உன்னோடு கோபமா? உனக்குக் காய்ச்சல் என்று றலியா சொன்னாள், பால் கட்டியதால் வந்த காய்ச்சலா? சூட்டு ஒத்தடம் கொடு. கொடுக்கத் தெரியாதவள் போல உனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அல்லாஹ் உன்னைத் திருப்பித் தந்தான், அது போதும். வேறு எதுவும் வேண்டாம்.

நளீபா

பி.கு.: பெட்டி பொலிசில்தான் இருக்கிறதாம். அவர்கள் பட்டறியைக் கழற்றினார்களா என்று உனக்குத் தெரியுமா?

*

வெள்ளவத்தை,
24.11.1996

நளீபாவுக்கு,

கழற்றவில்லை. பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது, வாப்பாதான் எடுத்துத் தந்தார். அதன் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது. உன் கடிதத்தில் பதில் வேண்டிய கேள்வி அதுதான் என்பதால் அதை முதலில் எழுதினேன்.

மற்றக் கேள்விகளுக்கும் பதில். அடிக்கவில்லை. சோதித்த பெண் பொலிசுக்கு என் தங்கையின் வயதுதான் இருக்கும். கையை உள்ளே விட்டவள், "மே மொனவத அக்கே?" என்று சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டாள், அக்கா இது என்ன என்று. அடுத்த நொடி அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். அதற்குப் பிறகு ரோட்டின் நடுவில் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு நான் தனியே நின்றேன். சுற்றிலும் ஒருவர் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரன் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவிட்டான், கேத்தில் கொதித்துச் சிந்திக்கொண்டிருந்தது. ஆமிக்காரன் ஒருவன் தலைக்கவசத்தோடு ஊர்ந்து வந்து பார்த்து, குண்டு இல்லை என்று கையைக் காட்டியபோது, அவனும் நானும் ஒரே நேரத்தில் நிலத்தில் குந்திவிட்டோம்.

மார்பில் வயர் ஒட்டிக்கொண்டு தமிழ்ப் பெண் ஒருத்தி கொழும்பில் பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்று தெருவில் நிற்கும் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்தக் காலையில் தெரியவில்லை. றலியா, றலியா என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டுக்குள் மட்டும்" என்று நீ இரண்டு தரம் எழுதியிருந்தாய். நீ எண்ணிப் பார்த்திருக்கிறாய், நான் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்தேன்.

ஆரபி மாப்பால் குடித்தாள். ஜெகதீஸ்வரி அக்காதான் போத்தலில் கரைத்துக் கொடுத்தா. நான் திரும்பி வந்து மார்பில் போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகும் திருப்பினாள். இப்போது பால் நின்றுவிட்டது. இனி நான் உன் கோப்புக்கு ஆகமாட்டேன், நளீபா. இருப்பது அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

"உனக்கு உந்தப் பெட்டி பெரிசோ, பிள்ளை பெரிசோ?" என்று இவர் கேட்டார்.

அருந்ததி

*

லீட்ஸ்,
10.12.1996

அருந்ததி,

இரண்டு பக்கம் உன்னைப் பற்றிக் கேட்டேன், ஒரு வரி பட்டறியைப் பற்றி. நீ அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தாய். சரி, பட்டறியையும் கேட்டேன்தான். அது என் வாழ்க்கை. உனக்குச் செருப்புச் சத்தத்திற்குக் காத்திருக்க ஒரு மனிதர் இருக்கிறார், முகத்தைத் திருப்பவாவது ஒரு பிள்ளை இருக்கிறாள். நான் அறைக்குத் திரும்பினால் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும்.

இன்னொன்று. நான் செக்பொயின்ற்றை எண்ணிப் பார்த்து "வீட்டுக்குள்" என்று எழுதியதாக நினைத்து எனக்குப் புண்ணியம் தராதே. வெளியே போனால் வேர்வையில் டேப் கழன்றுவிடும் என்றுதான் எழுதினேன். இங்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. செக்பொயின்ற் என்ற ஒன்றே எனக்கு மறந்துபோயிருந்தது. கொழும்புக்காரி நான், எனக்கு மறந்துபோயிற்று.

பெட்டியின் பட்டறி ஜனவரி முடிய இறந்துவிடும். அதற்குள் சேரிடம் கொண்டுபோய் வாசி, அல்லது எறி. ஆனால் முடிவை எனக்குச் சொல். றலியா தன் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். உன் சங்கதிக்குப் பிறகு கிளினிக்கில் ஒரு தாயும் வயர் ஒட்ட விடுகிறாள் இல்லையாம்.

நளீபா

*

வெள்ளவத்தை,
08.01.1997

நளீபா,

வாசித்துவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக எனக்குக் கால் வரவில்லை. வாப்பா கடைச் சாமான்களோடு தூக்கிக்கொண்டு முன்னால் போனார், நானும் ஆரபியும் அடுத்த பஸ்ஸில் போனோம். சேரின் அறையில் கொம்பியூட்டர் திரையில் கோடு ஓடத் தொடங்கியபோது ஆரபி என் மடியில் இருந்து ரஸ்க் சப்பிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன் ஒன்று சொல்லவேண்டும். இவருக்குச் சொல்லவில்லை, சேருக்கும் சொல்லவில்லை. மூன்று நாளும் அந்தப் பெட்டி என் உடம்பிலேயே இருந்தது, எப்படி என்று நீ யோசிப்பாய். குண்டு இல்லை என்று ஆனபின், இன்ஸ்பெக்டர் அதை இதயத்துக்கு வைத்த மெஷின் என்று நினைத்துவிட்டார். கழற்றி நான் செத்துப்போனால் தன் தலையில் விழும் என்று பயம் அவருக்கு. "டொக்டர் வந்து பாக்கும் மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்று உத்தரவு போட்டார். டொக்டர் திங்கட்கிழமைதான் வருவார். "ஐயா, இது சும்மா சூடு பார்க்கிறது, கழற்றலாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே கழற்றியிருப்பார்கள். விட்டும் இருப்பார்கள். பெண் பொலிஸ் வந்து கேட்கக்கூடச் செய்தாள், "நெஞ்சு வலிக்குதா?" என்று. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அங்கே ஆரபி பாலுக்கு அழுதுகொண்டிருப்பாள் என்று தெரிந்துதான் ஆட்டினேன். முழுநாள் பதிவு கேட்டவளுக்கு மூன்று நாள் கிடைத்திருக்கிறது. றலியாவிடம் இராது, லீட்ஸிலும் இராது. அதுதான் என் மனதில் இருந்தது. நான் எப்படிப்பட்ட தாய் என்று நீ தீர்ப்புச் சொல்லவேண்டாம், நானே ஒவ்வொரு போத்தல் கழுவும்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

இனிக் கோடு. செக்பொயின்ற்றில் விரல் நுனி கிணற்றில் கல் விழுந்ததுபோல் விழுகிறது. பயத்தில் இரத்தம் உள்ளே ஓடுவது, அதைப் புத்தகத்தில் படித்தோம். நான் சொல்லவருவது அதற்குப் பின்னால். அறையில் என்னோடு இன்னொரு பெண்ணை வைத்திருந்தார்கள். ஹற்றனில் இருந்து வீட்டுவேலைக்கு வந்தவள், அடையாள அட்டை இல்லை, கையில் பச்சைக் குழந்தை. மணிக்கூட்டைப் பறித்துவிட்டார்கள். ஆனால் கோவில் மணி கேட்டது, கொட்டாஞ்சேனைப் பெரிய தேவாலயத்து மணி. அதை வைத்து அந்தக் குழந்தை எப்போது எப்போது அழுதது என்று மனதில் பிடித்து வைத்திருந்தேன்.

அது அழும்போதெல்லாம் என் மார்பு ஏறியிருக்கிறது, நளீபா. அரைப் பாகை. சில வேளை அதற்கும் மேல். நான் அந்தக் குழந்தையைத் தொடவில்லை. அது மூலையில், நான் வாசலோரம். தோலும் தோலும் பேசவில்லை. பேச ஒரு தோலும் இல்லை. என் பிள்ளைகூட இல்லை. கேட்டவுடனே சூடு ஏறியிருக்கிறது.

சேர் கேட்டார், "இது நளீபாவுக்குத் தெரியுமோ?" நான் இன்னும் இல்லை என்றேன். "தெரிஞ்சால், தொட்டால்தான் சூடு ஏறும் எண்ட அவவின்ரை இரண்டாம் அத்தியாயம் நிக்காது" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நெஞ்சு நிறையச் சந்தோஷம்.

ஒருத்தியின் மூன்று நாள் ஆராய்ச்சி ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கேள்வி ஆகும். அந்தக் கேள்வி என்னுடையது. டிஸ்க் என்னிடம் இருக்கிறது. உனக்கு அனுப்புவேன், கட்டுரையில் என் பெயர் முதலாவதாக வந்தால். நன்றியுரையில் அல்ல. இரண்டாவதாகவும் அல்ல. மாட்டேன் என்று நீ சொன்னால் எனக்கு விளங்கும். உன் இடத்தில் நானாக இருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

அருந்ததி

*

லீட்ஸ்,
27.01.1997

அருந்ததி,

உன் கடிதத்தை ஒரு கிழமை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழவரிடம் காட்டாமல் விடலாம் என்று நினைத்தேன். பட்டறி செத்துவிட்டது என்று சொல்லலாம். நீ அங்கே, அவர் இங்கே, யார் கேட்பது? இரண்டு வருடத்தில் முடித்துவிட்டு, பட்டத்தோடு உம்மாவின் முன்னால் போய் நிற்கலாம்.

நீ சொல்லியிருந்தாயே, தலையை ஆட்டினேன் என்று. அதை மறுபடி மறுபடி வாசித்தேன். நீ பிள்ளையை விட்டுக்கொடுத்து எடுத்ததை நான் பொய் சொல்லி அழித்தால், பிறகு குளிரறையில் நான் எதை அளப்பது? அதனால் காட்டினேன்.

அவர் கதிரையில் இருந்தபடியே நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டார். முடித்ததும் என் அத்தியாயத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "யார் இந்தப் பெண்?" என்று கேட்டார். இங்கு வந்து ஒன்றரை வருடம், நான் யார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சொன்னேன், "இங்கே வர இருந்தவள். நான் அவளுக்குப் பதிலாக வந்தேன்." அவர் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டினேன். உன் பெயர் முதலில். அழித்தேன். என் பெயர் முதலில் தட்டினேன், எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? கைநோகாமல் விட்டுக்கொடுக்க நான் வலியுல்லா போன்ற மகான் இல்லை, புள்ள. இரண்டையும் அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டிலும் கிழவர் கையெழுத்து வைத்துவிட்டார். எது வேண்டுமோ அதை நீ அனுப்பு. நான் தீர்மானிக்க மாட்டேன்.

எதை அனுப்பினாலும் டிஸ்கை அனுப்பு. அந்தக் கோட்டை என் கண்ணால் பார்க்கவேண்டும். சொல்லக் கேட்டே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நளீபா

*

வெள்ளவத்தை,
14.02.1997

அன்புள்ள நளீபா,

டிஸ்க் உள்ளே. தாளும் உள்ளே. என் பெயர் முதலில் உள்ள தாள்.

மற்றதைக் கிழித்து எறிந்துவிட்டேன். நான் பெருந்தன்மையாக உன் பெயரை முதலில் விட்டு அனுப்புவேன் என்று ஒரு மூலையில் நீ எதிர்பார்த்திருப்பாய். நானும் ஒரு முழுப் பகல் அப்படிச் செய்து பார்த்தேன், மனதுக்குள். ஜெகதீஸ்வரி அக்காவிடம்கூடக் கேட்டேன், "அக்கா, விட்டுக்குடுத்தால் என்ன?" என்று, எதை என்று சொல்லாமல். "நீ ஏற்கெனவே ஒருக்கா விட்டனீ, அதுக்குப் பிறகு படுற பாட்டைப் பாக்கிறன்தானே" என்றா. அவவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

உன் கிழவர் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கொழும்பிலேயே இருந்து, சேரின் கீழே, பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே தாய்மாரை வரவழைத்து இதைத் தொடரலாமா என்று கேட்கிறார். சம்மதம் என்று எழுதிவிட்டேன். இவர் வாசித்துவிட்டு, "வயர் ஒண்டும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது" என்றார். "தாண்டாது" என்றேன். "அப்ப ஆரபியை ஆர் பாக்கிறது?" என்றார். "நீங்கள் பாருங்கோ" என்றேன். கரண்ட் வெட்டு முடிந்து லைட் வந்தபின், "சனிக்கிழமையிலை பாக்கலாம்" என்றார்.

இனி நீ கோட்டைத் திறந்து பார்ப்பாய். நீ பார்க்கும்போது ஒரு இடம் உன் கண்ணில் படும், சேரின் கண்ணிலும் பட்டது. ஞாயிறு பின்னேரப் பூசை மணிக்குப் பிறகு. மற்றெல்லா இடத்திலும் அந்தக் குழந்தை அழும்போது கோடு ஏறுகிறது. அங்கே ஏறவில்லை. இறங்குகிறது. விரலும் சேர்ந்து குளிர்கிறது. அழுகை இல்லாத நேரமோ, பதிவில் பிழையோ என்று சேர் கேட்டார். இருக்கலாம் என்றேன்.

பிழை இல்லை. குழந்தை அழுதது, மற்ற நேரத்தைவிட அதிகமாகவே அழுதது. தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நினைத்துக்கொண்டிருந்தது ஆரபியை அல்ல, அந்தக் குழந்தையையும் அல்ல. உன்னை. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர் எழுதிய கதவைத் திறந்து, நீ உள்ளே போவதை.

கட்டுரையில் அந்த இடத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுது.

அருந்ததி